விழிப்புக் கட்டணம்

விமானத்தில் கண் விழித்திருப்பதற்குத் தனிக் கட்டணம் என்று பேச்சு வந்தபோது சுகந்தி அதை நம்பவில்லை. முப்பத்தோரு வருஷம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள், எதெதற்கெல்லாம் காசு கேட்பார்கள் என்று ஓரளவு தெரிந்தவள்தான். முதலில் பெட்டிக்குக் கேட்டார்கள். பிறகு ஜன்னலோரத்துக்கு, காலை நீட்டிக்கொள்ளும் இடத்துக்கு, சாப்பாட்டுக்கு, போர்வைக்கு, ஒரு தம்ளர் தண்ணீருக்கு. கழிப்பறைக் கதவில் கட்டைவிரலை வைத்துக் காசு கட்டினால்தான் திறக்கும் என்று ஆனபோது அவள் ஓய்வு பெற்றிருந்தாள். "இனிமே வாங்குறதுக்கு என்ன மிச்சம்? மூச்சுதான்" என்று கணவர் ஜவஹரிடம் சொன்னாள். மூச்சை விட்டுவிட்டார்கள். விழிப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

காரணம் எளிது. தூங்குகிறவனுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், விளக்கு வேண்டாம். அவன் குறை சொல்ல மாட்டான், மணியை அழுத்தி யாரையும் கூப்பிட மாட்டான். நெற்றியில் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் போதும், அது சின்னச் சின்ன அலைகளை மூளைக்கு அனுப்பி, ஊர் போய்ச் சேரும்வரை தூங்க வைத்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வயிறும் மற்றதும்கூட அடங்கிக் கிடக்கும், ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். பட்டை கட்டிக்கொண்டால் பாதி டிக்கெட் என்றதும் ஜனங்கள் முண்டியடித்தார்கள். சமையலறையைப் பெயர்த்துவிட்டு அங்கே இருக்கை போட்டார்கள். கழிப்பறைகளைப் பெயர்த்துவிட்டு அங்கேயும் போட்டார்கள். தூங்கினால் தள்ளுபடி என்று ஆரம்பித்தது, ஐந்தே வருஷத்தில் விழித்தால் கட்டணம் என்று திரும்பிக்கொண்டது. அந்தப் பாதி டிக்கெட் எப்போது பழையபடி முழு டிக்கெட் ஆனது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது சுகந்தியும் ஜவஹரும் டொராண்டோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மகள் இனியா அங்கே இருக்கிறாள். பொழிச்சலூர் வீட்டை விற்றாயிற்று, ஒரேயடியாகப் போகிறார்கள். சுகந்திக்கு எழுபத்து நான்கு, ஜவஹருக்கு எழுபத்தெட்டு. இதற்குமேல் ஒரு பயணம் இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

சுகந்திக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. அவள் வேலை பார்த்த நாட்களில், ஐரோப்பா போகும் பகல் விமானத்தில், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்ததும் பின்கதவுப் பக்கம் நின்று ஒரு தம்ளர் டீ குடிப்பாள். அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். டீ பாதி இறங்கும்போது காகசஸ் மலைகள் வரும், வெள்ளை வெளேரென்று. அவை முடிகிற இடத்தில் கருங்கடல் விரியும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு ஒரு தடவை அதைக் காட்டணுங்க" என்பாள். ஜவஹரும் "காட்டேன்" என்பார்.

காட்ட முடிந்ததில்லை. ஜவஹரும் விமான நிலைய ஆள்தான், முப்பத்து மூன்று வருஷம் மீனம்பாக்கத்தில் பயணிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் கவுன்ட்டரில் நின்றவர். ஆயிரக்கணக்கான பேரை ஆகாயத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, பைக்கில் வீட்டுக்கு வருவார். இவளுக்கு லீவு கிடைத்தால் அவருக்குக் கிடைக்காது, இரண்டும் கிடைத்தால் இனியாவுக்குப் பரீட்சை. கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் இருவரும் ஒரே விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் அது உண்மை.

ஆளுக்கு அரை மணி நேரம் விழிப்பு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் கட்டுப்படியாகாது. அந்த அரை மணி நேரம் கருங்கடலுக்கு மேலே.

"எத்தனை மணிக்கு வரும்?" என்று ஹாலிலிருந்து ஜவஹர் கேட்டார்.

"பத்து நாப்பது" என்றாள் சுகந்தி படுக்கையறையிலிருந்து.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வீட்டுச் சுவரில் எப்போதும் இரண்டு கடிகாரங்கள் தொங்கின. விமானத்தில் வேலை செய்பவர்கள் எந்த நாட்டில் பறந்தாலும் லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தில்தான் கணக்கு வைப்பார்கள். சுகந்தியின் கடிகாரம் அது. இன்னொன்று நம் ஊர் நேரம், ஜவஹருடையது. இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். சுகந்தி வெளியூரிலிருந்து போன் செய்து, "எட்டு மணிக்கு இறங்குறேன்" என்றால் ஜவஹர் முதலில் கேட்பது, "உன் கடிகாரமா, என் கடிகாரமா?" என்பதுதான். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு சண்டை போடுவார்.

அன்றைக்கு அவர் கேட்கவில்லை. மலையும் கடலும் இவள் சமாச்சாரம், இவள் கடிகாரமாகத்தானே இருக்கும் என்று ஐந்தரையைக் கூட்டி, தன் போனில் மாலை நாலு பத்து என்று பதிந்துவிட்டார். சுகந்தி தன் போனில் பத்து நாற்பது என்றே பதிந்தாள். புறப்படும் ஊரின் நேரத்தைக் குறிப்பிடவும் என்று அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. முப்பத்தோரு வருஷப் பழக்கம் எறும்பு எழுத்தையா பார்க்கும்?

*

காலை ஒன்பதரைக்கு விமானம் கிளம்பியது. நாற்பத்தோராவது வரிசை, வலது பக்கம். சுகந்திக்கு ஜன்னல், பக்கத்தில் ஜவஹர். நெற்றியில் பட்டை இறுகியபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மலை வந்தா எழுப்பு" என்றார். அவள் சிரித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

கண் விழித்ததும் ஜன்னலைத்தான் பார்த்தாள். இருட்டாக்கப்பட்ட கண்ணாடி மெல்லத் தெளிந்தது. கீழே மலையும் இல்லை, கடலும் இல்லை. செம்மண், கட்டம் கட்டமாக வயல், நடுவில் ஒரு ரயில் பாதை. இது மகாராஷ்டிரா அல்லவா என்று ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. மணிக்கட்டைப் பார்த்தாள். அவளுடைய பழைய கடிகாரம் ஐந்து பத்து காட்டியது. முன் இருக்கையின் முதுகில் இருந்த திரை பத்து நாற்பது என்றது.

திரும்பி ஜவஹரைப் பார்த்தாள். வாயை லேசாகத் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்று உலுக்கினாள். "ஏங்க!"

ஓடி வந்தது ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், சாம்பல் நிறச் சீருடை, சட்டையில் ஆஃப்ரின் என்று பெயர்.

"மேடம், அவரைத் தொடாதீங்க ப்ளீஸ். அவருக்கு நாலு பத்துதான் டைம்."

"ஏம்மா, தப்பு பண்ணிட்டேன். எனக்கும் நாலு பத்துதான் வேணும். நான் லண்டன் நேரத்தைப் போட்டுட்டேன். என்னைத் திருப்பித் தூங்க வெச்சுட்டு, அப்ப எழுப்பிடேன்."

ஆஃப்ரின் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். "ஆரம்பிச்ச விழிப்பை நிறுத்தி வைக்க முடியாது மேடம். இன்னொரு அரை மணி நேரம் புதுசா வாங்கலாம். ஆனா பறக்கும்போது வாங்கினா ஆறு மடங்கு."

அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுச் சுகந்தி பலகையைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்போ இவரை இப்ப எழுப்பு. இவரோட அரை மணியை இப்பவே குடு. கடல் இல்லாட்டிப் போகுது."

"அவர் விரல் வெச்சு மாத்தினாதான் மாறும். தூங்கும்போது வெச்ச விரலை எடுத்துக்காது." அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "என் கையில எதுவும் இல்ல மேடம். சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது."

அந்த வருத்தத்திலும் சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாக்கியம் ஜவஹருடையது. அட்சரம் பிசகாமல் அவருடையது.

இருக்கைக்குத் தனிக் கட்டணம் வந்த புதிதில், காசு கட்டாதவர்களைச் சிஸ்டம் திசைக்கொருவராகச் சிதறடிக்கும். அம்மா முன்னால், பிள்ளை பின்னால். புருஷன் இங்கே, பெண்டாட்டி அங்கே. ஜவஹர்தான் கவுன்ட்டரில் நின்று அந்தச் சீட்டுகளைக் கொடுக்க வேண்டும். அவர்கள் கெஞ்சுவார்கள், இவர் இந்த வாக்கியத்தைச் சொல்வார். சில நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார். அதே ஆட்கள் விமானத்தில் ஏறினால் சுகந்தியின் கையில் வந்து விழுவார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "சார், நீங்க ஒத்தையாத்தானே வந்திருக்கீங்க, கொஞ்சம் அங்க மாறி உக்காருங்களேன்" என்று இவரை அங்கே, அவரை இங்கே என்று நகர்த்தி, கதவு மூடுவதற்குள் எல்லாக் குடும்பங்களையும் ஒட்ட வைத்துவிடுவாள். "நீங்க பிரிச்சு அனுப்புறீங்க, நான் சேர்த்து வைக்கிறேன்" என்று வீட்டில் அவரைச் சீண்டுவாள். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்.

"இருபத்து நாலு நிமிஷம் இருக்கு மேடம்" என்றாள் ஆஃப்ரின். "நடக்கணும்னா நடக்கலாம். விழிப்புக் கட்டணத்துல பதினஞ்சு நிமிஷ நடை சேர்ந்துதான் வருது."

"அதுக்கும் கணக்கா?" என்று எழுந்துகொண்டாள் சுகந்தி. சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வேறு மாதிரி ஆயிற்று. இருட்டில் ஐந்நூற்று எண்பது பேர், நெற்றியில் நீலப் பட்டை மினுங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒரு இருமல் இல்லை, ஒரு குழந்தை அழவில்லை. ஒரு தாயின் மடியில் கைக்குழந்தை, அதன் நெற்றியிலும் விரல் அகலத்தில் ஒரு பட்டை. இந்த அமைதிக்காக எத்தனை பயணங்களில் ஏங்கியிருக்கிறாள்! கிடைத்த பிறகு பார்த்தால் இது அமைதி மாதிரியே இல்லை.

அவள் சேர்ந்த புதிதில் விமானம் என்றால் அது ஒரு சந்தைக்கடை. ஏறும்போதே தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் நீட்ட வேண்டும். முதல் தடவை பறப்பவர்கள் பஞ்சை வாயிலும் மிட்டாயைப் பையிலும் போட்டுக்கொள்வார்கள். வளைகுடா போகிற பையன்கள் படிவம் நிரப்பித் தரச் சொல்லிக் கூட்டமாக நிற்பார்கள். கைப்பிடியில் யார் முழங்கை என்று இரண்டு பெரிய மனிதர்கள் மும்பை வரை முறைத்துக்கொண்டு வருவார்கள். திருச்சி அம்மாள் ஒருத்தி எலுமிச்சம் சாதத்தைப் பிரித்து முன் வரிசை, பின் வரிசை எல்லோருக்கும் கொடுத்து, கடைசியில் பணிப்பெண்களுக்கும் ஒரு உருண்டை வைத்திருப்பாள். சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டுவார்கள். அப்போது கால் வலியில் எரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டல் ஒன்றுக்காகவே திரும்ப வேலைக்குப் போகலாம் போல இருந்தது.

இதையெல்லாம் அவள் ஆஃப்ரினிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

"பயணிங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிப்பாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேள்வியில் கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"பேசுறதா? ஒரு தடவை பேச்சுவாக்குல கல்யாணமே நிச்சயமாச்சு. நீ எந்த ஊரும்மா?"

"வாணியம்பாடி. நாலு வருஷமா பறக்குறேன் ஆன்ட்டி." மேடம் எப்போது ஆன்ட்டி ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. "நான் ஒருத்திதான் முழிச்சிருப்பேன். யாருக்காவது பட்டை நழுவுதா, மூச்சு சரியா வருதான்னு பாத்துட்டே நடக்கணும். பதினாறு மணி நேரம். சில சமயம் நானே சத்தமா பேசிப்பேன். இங்க யாரும் என் ஊரைக் கேட்டது இல்ல."

சுகந்தி அவள் தோளில் கை வைத்தாள்.

இருபத்தொன்பதாவது வரிசையில் ஒரு பையன், கையில் காப்பு மாதிரி மஞ்சள் கயிறு, அவிழ்க்கவே இல்லை. ஐம்பத்திரண்டாவது வரிசையில் ஒரு பெண் முழங்கை வரை மருதாணியோடு தூங்கியதை ஏற்கெனவே பார்த்திருந்தாள். "புதுசா கல்யாணம் ஆனவங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. பக்கத்து சீட்டுக்குக் காசு கட்டல. தூங்கத்தானே போறோம், எங்க உக்காந்தா என்னன்னு எல்லாரும் நினைக்கிறாங்க." ஆஃப்ரின் குரலைத் தாழ்த்தினாள். "ஏறும்போது அந்தப் பொண்ணு திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போச்சு."

இருபத்து மூன்றாவது வரிசையில் வந்து சுகந்தி நின்றுவிட்டாள். அவசரக் கதவு இருக்கும் வரிசை. பத்து இருக்கையும் காலியாக இருந்தன. ஜன்னல்கள் இருட்டாக்கப்படாமல் வெளிச்சத்தோடு இருந்தன.

"நிக்க இடமில்லாம சீட்டுப் போட்டிருக்கானுங்க, இதை ஏன் சும்மா விட்டுவெச்சிருக்காங்க?"

"அது பழைய சட்டம் ஆன்ட்டி. இந்த வரிசைல உக்காருறவங்க முழிச்சிருக்கும்போது, ஆபத்துல கதவைத் திறக்க உதவுறேன்னு வாயால சம்மதம் சொல்லணும். ஜன்னலும் திறந்தே இருக்கணும். தூங்குறவங்க எப்படி சொல்லுவாங்க? அதனால கம்பெனி இந்த சீட்டுக்கு விலையே போடல. பன்னெண்டு வருஷமா காலிதான்."

அவள் காலத்தில் இந்த வரிசைக்குத்தான் அடிதடி. காலை நீட்டலாம் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்குவார்கள். சுகந்தி அந்தக் கதவின் கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மீதி ஏழு நிமிஷம். இருக்கைக்கு வந்து, கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஒரு தாளில் வேக வேகமாக எழுதினாள்.

"என் கடிகாரத்தையே போட்டுத் தொலைச்சிட்டேன். நான் இப்பவே முழிச்சிட்டு மறுபடி தூங்கப் போறேன். நீங்க எழுந்ததும் என் பக்கத்து ஜன்னலைப் பாருங்க. முதல்ல வெள்ளை மலை வரும். அது முடியுற இடத்துல கடல். பேர்தான் கருங்கடல், கறுப்பா இருக்காது. எனக்காக வருத்தப்படாம பாருங்க. ஆஃப்ரின்னு ஒரு பொண்ணு இருக்கா, அவகிட்ட நாலு வார்த்தை பேசுங்க, யாருமே பேசுறதில்லையாம். இருபத்து மூணாவது வரிசை பத்து சீட்டும் காலியாக் கிடக்கு. தூங்குறவங்க சம்மதம் சொல்ல முடியாதுன்னு விலையே போடலையாம். அநியாயத்தைப் பாருங்க."

தாளை மடித்து, ஒரு இஞ்சி மிட்டாயோடு அவர் சட்டைப் பையில் வைத்தாள். கடைசி இரண்டு நிமிஷமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரத்து மச்சத்தில் ஒரு நரைமுடி முளைத்திருந்தது. இது எப்போது வந்தது என்று நினைத்தாள். மெல்லிய மணி ஒன்று ஒலித்தது.

*

"சுகந்தி மேடம். சுகந்தி மேடம்."

டொராண்டோ வந்துவிட்டது என்று நினைத்தாள். கண்ணைத் திறந்தால் ஆஃப்ரின் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தை விறைப்பாக வைத்திருந்தாலும் கண் இரண்டும் சிரித்தன.

"உங்களை அவசரக் கதவு வரிசைக்கு மாத்தியிருக்கோம். கொஞ்சம் எழுந்து வர முடியுமா?"

பக்கத்து இருக்கை காலி. கடிகாரம் பத்து நாற்பத்தெட்டு காட்டியது. தன் கடிகாரம்! சுகந்தி தடுமாறிக்கொண்டு எழுந்து நடந்தாள். இருபத்து மூன்றாவது வரிசையில், வலது ஜன்னலுக்குப் பக்கத்தில், ஜவஹர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார், கவுன்ட்டரில் நிற்கும் அதே நிமிர்வு. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இஞ்சி மிட்டாய்.

"எட்டு நிமிஷம் வீணாப் போச்சு" என்றார். "இந்தப் பொண்ணுக்கு விளங்க வைக்க."

"எனக்கு உடனே விளங்கிடுச்சு. இவர்தான் ரூல் நம்பர் எல்லாம் சொல்லிட்டு இருந்தாரு" என்றாள் ஆஃப்ரின்.

"உக்காரு" என்று ஜவஹர் ஜன்னலோரத்தைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். வெளியே மலைகள். கடைசிப் பயணத்தில் எப்படி விட்டுவிட்டு வந்தாளோ அப்படியே நின்றுகொண்டிருந்தன, ஒவ்வொரு மடிப்பிலும் பனி. கொஞ்ச தூரத்தில் அவை தாழ்ந்து போய், நீலமாக, ஒரு முடிவே இல்லாமல், கடல். அவர் பக்கத்தில் இருக்கிறார். இருவரும் முழித்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு வருஷம்!

ஆஃப்ரின் பலகையைப் பார்த்துப் படித்தாள். "ஆபத்து நேரத்தில் இந்தக் கதவைத் திறந்து சக பயணிகளுக்கு உதவச் சம்மதமா? தயவுசெய்து வாயால் பதில் சொல்லவும்."

ஆயிரம் தடவை அவளே கேட்ட கேள்வி. பழக்க தோஷத்தில் சுகந்தியின் உதடு பிரிந்தது. ஜவஹர் சட்டென்று உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார்.

"சொல்லாதே."

அவள் முழித்தாள்.

"இந்த வரிசைக்கு ஆளை மாத்தினா, சம்மதம் கேக்குறதுக்காக சிஸ்டமே காசில்லாம எழுப்பிடும். சம்மதம்னா சரி, முடிஞ்சுதுன்னு பட்டை தூங்க வெச்சிடும். முடியாதுன்னா பழைய சீட்டுக்கு அனுப்பிடும், அங்க போனதும் தூக்கம். பதில் சொல்லாத வரைக்கும் கேள்வி அப்படியே நிக்கும். கேள்வி நிக்கிற வரைக்கும் ஆள் முழிச்சுத்தான் இருக்கணும்." அவருக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷத்தில். "கவுன்ட்டர்ல எங்களைப் பாடாப்படுத்தின ரூல் இது. பதில் வராம அடுத்த திரைக்கே போகாது. அதை இன்னும் மாத்தல பாரு."

"எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று அவர் கைக்குள்ளிருந்து கேட்டாள்.

"அதுக்கு நேரமே போடல ஆன்ட்டி. பதில் வரும்வரை காத்திருக்கவும்னுதான் இருக்கு" என்றாள் ஆஃப்ரின். "சாருக்கும் இதே கேள்வி நிக்குது. நான் அப்பப்ப வந்து கேட்டுட்டுப் போகணும், அவ்வளவுதான்."

சுகந்தி அழுதுகொண்டே சிரித்தாள். ஜவஹர் அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான்தான் கேக்காம விட்டேன். ஒரு தடவை கேட்டிருந்தா இத்தனை பாடு இல்ல" என்றார். பிறகு மெதுவாக, "கறுப்பா இல்லதான்" என்றார். அவள் ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினாள், அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கரையோரத்து வெள்ளை நுரை, ஒரு கப்பல், அது இழுத்துக்கொண்டு போன கோடு. ஆஃப்ரின் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த பிளாஸ்கைத் திறந்து, டீயை மூடியில் ஊற்றி நீட்டினாள். ஒரே மூடி, இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

கடல் முடிந்து ஊர்கள் வரத் தொடங்கியபோது ஜவஹர் எழுந்து நின்று, காலியாகக் கிடந்த எட்டு இருக்கைகளையும் பார்த்தார்.

"பொண்ணு, அந்தப் பயணிகள் பட்டியலைக் கொஞ்சம் காட்டு."

"எதுக்கு சார்?"

"சும்மா காட்டேன்." கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். "இங்க பாரு. இருபத்தொம்பதும் அம்பத்திரண்டும் ஒரே வீட்டு ஆளுங்க. கல்யாணமாகி எத்தனை நாளோ."

"ஆறு நாள்" என்றாள் ஆஃப்ரின்.

சுகந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "முப்பத்து மூணு வருஷம் பிரிச்சு அனுப்பினேன்" என்று பட்டியலைப் பார்த்தே சொன்னார். "இன்னிக்கு ஒரு நாள் நான் சேர்த்து வைக்கிறேனே."

முதலில் பையன் வந்தான், தூக்கக் கலக்கத்தில் எங்கே தீப்பிடித்தது என்பது மாதிரி பார்த்துக்கொண்டு. பின்னாலேயே மருதாணிக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். அவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்ததும் மட்டும் முகம் மலர்ந்தது. ஆஃப்ரின் கேள்வியைப் படித்தாள். பையன் நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தான். சுகந்தியும் ஜவஹரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்து அவனை அடக்கினார்கள்.

சுவரிலிருந்த போன் கூப்பிட்டது. கீழே எங்கேயோ தரையில் உட்கார்ந்து விமானங்களைக் கண்காணிக்கிற ஒருவர். ஆஃப்ரின் எடுத்துக் காதில் வைத்தாள். இருபத்து மூன்றாவது வரிசையில் நாலு பேர் ஏன் விழித்திருக்கிறார்கள், கட்டணம் எங்கே என்று அவர் கத்துவது இவர்களுக்கே கேட்டது. ஜவஹர் அதற்குள் பட்டியலில் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார். முப்பத்து மூன்றில் ஒரு அம்மா, அறுபதில் அவள் பிள்ளை. ஆனால் இந்த வரிசையில் உட்காரப் பதினைந்து வயதாக வேண்டும். பிள்ளைக்குப் பதினாறு என்று பார்த்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

ஆஃப்ரின் அந்த விரலைப் பார்த்தாள். காலியாக இருந்த ஆறு இருக்கைகளைப் பார்த்தாள். போனில் மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"என் கையில எதுவும் இல்ல சார். சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது."